அமோனியா அண்ணையின் மீன் இல்லாத தொட்டி

ஒஸ்லோவில் மீன் வளர்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒரு மீன்கூட இல்லாமல் பதினான்கு மாதம் வெறும் தண்ணீரை வளர்த்த மனிதர் இந்த நகரத்தில், ஏன் இந்த நாட்டிலேயே, அமோனியா அண்ணை ஒருவர்தான். கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். சாட்சி வேண்டுமென்றால் மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நான்கு மாடிச் சனமும் திரண்டு வரும்.

அவருடைய சொந்தப் பெயர் கதவில் ஒட்டியிருந்தது. யாரும் அதை வாசித்ததில்லை. பட்டப்பெயர் வந்தது லிஃப்டில். ஒரு டிசம்பர்ச் சனிக்கிழமை, குளிர் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு. நாங்கள் நாலைந்து பேர் லிஃப்டில் ஏறினோம். அண்ணை சாமான் பையோடு எங்களுக்கு நடுவில் நின்றார். பைக்குள் ஒரு போத்தல் சல்மியாக். நோர்வேக்காரர் பெயின்ற் அடிக்க முதல் சுவர் கழுவுகிற அமோனியாத் தண்ணீர் அது. மூடி சரியாக இறுகவில்லை. இரண்டாம் மாடியைத் தாண்டவில்லை, லிஃப்டுக்குள் நின்ற அத்தனை பேரும் கண்ணீரும் கம்பலையுமாகிவிட்டோம். நாலாம் மாடியில் கதவு திறந்தபோது என் மனைவி வசந்தி எதிரே நின்றாள். வரிசையாக அழுதுகொண்டு வருகிற எங்களைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஆர் செத்தது?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் சாகேல்லைத் தங்கச்சி. இது மீனுக்கு வாங்கினனான்" என்றார் அண்ணை.

"அமோனியா ஊத்தினா மீன் சாகாதோ அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"சாகும். அதாலைதான் மீன் இல்லை."

அன்றைக்கே அவர் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். எங்களுக்கு எதிர்வீடு. பாண் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை செய்து, புருவத்தில் மாவோடு பதினொரு மணிக்குத் திரும்பி வருகிற ஒற்றை மனிதர் என்பது மட்டும்தான் அதுவரை அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது. வீட்டு மண்டபத்தில் ஜன்னலோரமாக நூற்றியெண்பது லீற்றர் கண்ணாடித் தொட்டி. உள்ளே மணல், கல், ஒரு மரவேர், தண்ணீரைச் சூடாக்க ஒரு கம்பி, மூலையில் ஸ்பொஞ்ச் வைத்த ஒரு வடிகட்டி. தொட்டிக்கு முன்னால் நான்கு கதிரைகள் வரிசையாக இருந்தன. படம் தொடங்கப் போகிறது என்று நினைத்து நாங்களும் இருந்தோம். எதுவும் தொடங்கவில்லை.

அண்ணைதான் தொடங்கினார். "மீன் இருந்தாக் கழிவு போடும். கழிவிலை அமோனியா வரும். அது மீனின்ரை செவுளை எரிச்சுப்போடும். அந்த அமோனியாவைத் தின்ன ஒரு கிருமி இருக்கு. அது திண்டு நைட்ரைற் எண்ட இன்னொரு நஞ்சாக்கும். அதைத் தின்ன வேறை ஒரு கிருமி. அது ஆக்கிற சாமான் பெரிசா ஒண்டும் செய்யாது, கிழமைக்கொருக்காத் தண்ணி மாத்தினாச் சரி. இந்த ரெண்டு கிருமியும் அந்த ஸ்பொஞ்சுக்குள்ளை வந்து குடியிருக்க ஒண்டரை மாதம் செல்லும். அதுவரைக்கும் நான்தான் மீன்."

"நீங்களோ?"

"ஓம். மீன் போடவேண்டிய கழிவைப் போத்திலிலையிருந்து நான் போடுறன்."

திரும்பி வரும்போது வசந்தி என் கையைக் கிள்ளினாள். "பாவம், தனிய இருந்து இருந்து ஆளுக்கு ஏதோ ஆகிட்டுது" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நாள் அவர் எங்கள் கதவைத் தட்டியபோது அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது.

கையில் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தொட்டித் தண்ணீர். அதில் ஏதோ மருந்துச் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் வைத்தால் நிறம் மாறுமாம். மஞ்சளென்றால் அமோனியா இல்லை. பச்சையென்றால் இருக்கிறது. "தம்பி, ஒருக்கா இதைப் பாரும். மஞ்சளோ, பச்சையோ?"

"நீங்கள்தானே அண்ணை பாக்கோணும்?"

"என்ரை கண்ணை நம்பேலாது. அது ஆசைப்படுற கண். மஞ்சளெண்டுதான் சொல்லும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் எங்கள் கட்டடத்தில் ஒரு நீதிமன்றம் கூடியது. மத்தியானம் ஏனென்றால் டிசம்பர் மாதத்து ஒஸ்லோவில் நிறம் பார்க்கிற வெளிச்சம் அந்த இரண்டு மணித்தியாலம்தான். நான் பின்னேரங்களில் பஸ் ஓட்டுகிறவன், ஆகவே வீட்டில் அகப்படுவேன். என் தீர்ப்பு எப்போதும் மஞ்சள், ஏனென்றால் சோற்றுக் கோப்பை ஆறிக்கொண்டிருக்கும். வசந்தி அப்படியல்ல. குழாயை வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்து, சரித்து, தலைகீழாகப் பார்த்து, "பச்சை" என்பாள். மூன்றாம் மாடியில் இருக்கிற நோர்வே அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, "மஞ்சள் போன்ற பச்சை, அல்லது பச்சை போன்ற மஞ்சள். இரண்டும் அழகாகத்தான் இருக்கின்றன" என்பார். அண்ணை அதைத் தன் கொப்பியில் 'கருத்துச் சொல்லவில்லை' என்று எழுதிக்கொள்வார்.

முதலாம் மாடியில் சென்னையிலிருந்து வந்த ஓர் எஞ்சினியர் இருந்தார். நல்ல மனிதர். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் ஒரு நாள் பொலித்தீன் பைக்குள் ஒரு தங்கமீனோடு வந்து நின்றார்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு தான். எவ்ளோ நாள் டேங்க்கை எம்ப்ட்டியா வெச்சிருப்பீங்க? பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

அண்ணை பையை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து மீனின் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருடம் நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினவர் அவர். "எத்தினை ஆயிரம் மீன் என்ரை கையாலை போச்சு. ஒண்டுகூட என்னை நிமிந்து பாத்ததில்லை" என்பார். இது பார்த்தது. அதற்காகவே அதை உள்ளே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டார்.

"தம்பி, வீடு தயாராகாமல் ஆளைக் கூப்பிடக் கூடாது" என்றார் எஞ்சினியரிடம். "என்னை அந்த மீன் தொழிற்சாலைக்கு அப்பிடித்தான் கூப்பிட்டவங்கள். முதல் குளிர், ஒரு அறையிலை எட்டுப் பேர். ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு போர்வையாலை அடைச்சுக் கிடந்தது. சாகேல்லை, உண்மைதான். ஆனா அதை இருந்ததெண்டு சொல்லேலாது."

மீன் பையை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்து ஜிப் இழுவையைப் பூட்டிக்கொண்டு, எஞ்சினியரையும் இழுத்துக்கொண்டு தெபானே என்கிற நகர ரயிலில் ஏறிக் கடைக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "வழி பூரா அந்த மீன்கிட்ட ஸாரி கேட்டுட்டே வந்தாருங்க" என்றார் எஞ்சினியர். இனி உதவியே செய்யப் போவதில்லை என்றும் சொன்னார். ஒரு கிழமை தாங்கினார்.

இவ்வளவு பாடும் யாருக்காக என்று எங்களுக்குத் தெரிய வந்தது ஐந்தாவது கிழமையில். தண்ணீர் மேற்கொண்டு தேறாமல் நின்றுவிட்டது. முதலாவது கிருமி வந்துவிட்டது, இரண்டாவது வரவில்லை. நைட்ரைற் பார்க்கிற மற்றக் குழாய் வெளிர்நீலமாக வேண்டும். அது நாளுக்கு நாள் ஊதாவாகவே நின்றது. அண்ணை முகச்சவரம் செய்வதை நிறுத்தினார். கதவு தட்டுவதையும் நிறுத்தினார். சோறு ஆறாமல் சாப்பிட்ட எனக்கு மூன்றாம் நாளே அது ருசிக்கவில்லை. நானே போய்த் தட்டினேன்.

"ஒஸ்லோத் தண்ணி மெத்த மெது தம்பி. சுண்ணாம்பே இல்லை. புளிச்சுப் போகுது. புளிப்பிலை அந்தக் கிருமி எழும்பாது" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "அவ வரேக்கை இப்பிடியே கிடந்தா நான் என்ன செய்ய?" என்றார்.

அவ என்பது பிலோமினா. அண்ணையின் மனைவி. மன்னாரில் ஆசிரியை. ஐம்பதாவது வயதில் ஊருக்குப் போய்க் கோயிலில் மாலை மாற்றி, பத்தொன்பது நாள் சேர்ந்திருந்துவிட்டு, விசாவுக்குப் போட்ட விண்ணப்பத்தை நம்பித் தனியே திரும்பி வந்தவர் எங்கள் அண்ணை. கல்யாணம் ஏன் இவ்வளவு பிந்தியது என்று வசந்தி கேட்டதற்கு, "நேரம் வரேல்லை" என்றார். ஏதோ பஸ்ஸைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னார். பிலோமினா பிறந்ததிலிருந்து கடற்கரை வீட்டில் இருந்தவர். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியாத வீட்டில் தனக்கு நித்திரை வராது என்று தொலைபேசியில் ஒருமுறை சொல்லிவிட்டார். அண்ணையின் ஜன்னலைத் திறந்தால் கார்த் தரிப்பிடமும் அதற்கு அப்பால் ஊசியிலைக் காடும்தான். ஆகவே ஜன்னலடிக்குத் தண்ணீரைக் கொண்டுவருவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். அதிலும் உயிருள்ள தண்ணீர். வந்து இறங்குகிற நாளில் பிலோமினா மீன் தெரிவு செய்ய வேண்டும், அன்றைக்கே விட வேண்டும், ஒன்றும் சாகக் கூடாது.

சுண்ணாம்புப் பிரச்சினையைத் தீர்த்ததும் பிலோமினாதான். "சிப்பியிலை சுண்ணாம்பு இருக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு, கடற்கரையில் நடந்து நடந்து பொறுக்கி, கழுவி, காயவைத்து, ஒஸ்லோவுக்கு வந்த ஒருவரின் பெட்டியில் கொடுத்து விட்டார். மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் படுத்து வந்த அந்தச் சிப்பிகளை அண்ணை அவித்து எடுத்து, ஒரு வலைப்பைக்குள் போட்டு, வடிகட்டிக்குள் வைத்தார். ஒன்பதாம் நாள் கதவு தட்டப்பட்டது. குழாய்க்குள் வெளிர்நீலம். வசந்திகூட மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டடம் முழுக்க மட்டன் ரோல்ஸும் கேக்கும் வந்தன. போட்ட அமோனியாவை ஒரே நாளில் தின்று முடிக்கிற அளவுக்குக் கிருமி பெருகிவிட்டதாம், தொட்டி தயாராம். எல்லோரும் மீன் பார்க்கப் போனோம். நோர்வே அம்மா பூச்செண்டோடு வந்தார். தொட்டியில் அதே மணல், அதே கல், அதே வேர்.

"மீனை அவ வந்துதான் தெரிவு செய்யோணும்" என்றார் அண்ணை.

"அதுவரைக்கும்?" என்றார் எஞ்சினியர்.

"சாப்பாடு இல்லாட்டிக் கிருமி செத்துப்போம். அதுவரைக்கும் நான்தான் மீன்."

அப்படியே ஒரு வருடம் போனது. கடிதப் பெட்டியில் வருவதெல்லாம் கடை விளம்பரம்தான். மத்தியானம் குழாய், அது முடிய அமோனியா, சனிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவது. பார்த்துச் சிரித்தவர்களில் நான் முதலாம் ஆள். ஒரு நாள் சீனி கடன் கேட்டுப் போனேன். கதவு திறந்திருந்தது. அண்ணை தொட்டியின் முன் கதிரையில் இருந்தார். கைபேசியைக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்தார்.

"இண்டைக்கு என்ன நிறம்?" என்றது கைபேசியில் ஒரு பெண் குரல்.

"மஞ்சள்."

"மற்றது?"

"வெளிர்நீலம்."

"அப்ப வீடு தயார்."

"வீடு எப்பவோ தயார் பிலோ."

அண்ணை கைபேசியை வடிகட்டிக்குக் கிட்டத் தள்ளி வைத்தார். வடிகட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. பிலோமினாவும் அங்கே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். நான் சீனி கேட்காமலே திரும்பிவிட்டேன். அன்றைக்குப் பிறகு குழாயை ஒழுங்காகப் பார்த்துத்தான் நிறம் சொன்னேன்.

ஜனவரி முடிவில் ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வசந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காமலே, "மஞ்சள் அண்ணை!" என்று கத்தினாள். திரும்பவும் தட்டப்பட்டது. வந்து பார்த்தால் அண்ணை வெறுங்கையோடு நின்றார்.

"விசா வந்திட்டுது தங்கச்சி" என்றார்.

மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு அவர் மன்னாருக்குப் போனார், மனைவியைத் தானே கூட்டி வருவதற்கு. வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். கூடவே ஒரு கடதாசி. 'மத்தியானம் ஒரு மணிக்கு சிரிஞ்சிலை மூண்டு மில்லி. வேறை ஒண்டும் செய்ய வேண்டாம். கரைச்சல் படாதேங்கோ.'

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று சொன்னால் அவன் அதை எப்படி விளங்கிக்கொள்வான்? பிறந்தநாளுக்கு 'ஒண்டும் கொண்டு வராதேங்கோ' என்றால் பெரிய பெட்டியாகக் கொண்டு போகிறோம். 'சாப்பாடு வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டனான்' என்றால் உட்கார்த்திப் போடுகிறோம். 'கரைச்சல் படாதேங்கோ' என்று ஒருவர் எழுதியே தந்திருக்கிறார் என்றால் அவர் எவ்வளவு எதிர்பார்ப்போடு இருப்பார்! வியாழக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை நானும் வசந்தியும் வாளியும் துணியுமாக இறங்கினோம். புதுப்பெண் கால் வைக்கிற வீடு கண்ணாடியாக இருக்க வேண்டாமா? வசந்தி அடுப்படியைக் கழுவி முடித்துவிட்டு, புதுத் திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போனாள். மண்டபம் என் பொறுப்பு.

மண்டபத்தில் எல்லாம் மினுங்கியது, தொட்டியைத் தவிர. கண்ணாடியில் மண்ணிறப் படை. கல்லில் வழுவழுப்பு. வடிகட்டியிலிருந்து ஸ்பொஞ்சை எடுத்துப் பிழிந்தேன். கோப்பி மாதிரி வழிந்தது. இதையா அந்த மனிதர் மனைவிக்குக் காட்டப் போகிறார்? தண்ணீர் முழுவதையும் இறைத்தேன். மணலை அலசினேன். நோர்வேக்காரர் தரை கழுவுகிற பச்சைச் சவுக்காரத்தை ஊற்றி ஸ்பொஞ்சைச் சுடுதண்ணீரில் நாலு தரம் கும்மினேன். சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பழைய பல்தூரிகையால் தேய்த்தேன். திரும்பவும் தண்ணீர் நிரப்பியபோது அது இருப்பதே தெரியவில்லை. அப்படித் தெளிவு. படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பலாமென்று கைபேசியைத் தேடும்போது வசந்தி திரைச்சீலையோடு உள்ளே வந்தாள்.

"இதென்ன, இப்பிடி மின்னுது?"

"ஆரின்ரை வேலை எண்டு நினைக்கிறீர்?" என்றேன் மீசையைத் தடவிக்கொண்டு.

"ஸ்பொஞ்ச்?"

"கழுவினனான்."

"எதிலை?"

"சுடுதண்ணியிலை. சவுக்காரம் போட்டு."

வசந்தி ஜாக்கெட்டோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, பதினாலு மாதமா அந்த மனிசன் வளத்த கிருமி முழுக்க அந்த ஸ்பொஞ்சுக்குள்ளதானே இருந்தது. முதல் நாளே சொன்னவரல்லோ? நீங்கள் அங்கை என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணை சொன்ன அத்தனையையும் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் பதினான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் ஊட்டி வளர்த்ததை நான் இரண்டு மணித்தியாலத்தில் சாக்கடைக்குள் விட்டுவிட்டேன்.

அழுது பயனில்லை என்றாள் வசந்தி. சவுக்காரம் பட்ட ஸ்பொஞ்சைக் குப்பையில் எறிந்தாள். தொட்டியை வெறும் தண்ணீரில் ஐந்து தரம் கழுவ வைத்தாள். பழைய தொட்டி வைத்திருக்கிற யாரிடமாவது ஒரு ஊத்தை ஸ்பொஞ்ச் வாங்கி வந்து வைத்தால் கிருமி திரும்பவும் பிடிக்குமாம். இதுவும் அண்ணை சொன்னதாம். எனக்கு ஞாபகம் வந்தது ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் நான் முடி வெட்டப் போகிற கடை. நாற்பது வருடத்துக்கு முன் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பெரியவர் நடத்துகிறார். கண்ணாடிகளுக்கு நடுவே ஆளுயரத்தில் ஒரு மீன் தொட்டி.

புதன்கிழமை காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். எங்களுக்குள் பொது மொழி நோர்வேஜியன்தான். உங்கள் தொட்டியின் அழுக்கில் கொஞ்சம் தர முடியுமா என்று அதில் எப்படிப் பணிவாகக் கேட்பது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கேட்டேன்.

"இங்கே வருகிற எல்லோரும் தங்கள் அழுக்கை விட்டுவிட்டுத்தான் போவார்கள்" என்றார் பெரியவர். "கேட்டு வாங்கிப் போக வந்த முதல் ஆள் நீதான். இரு, முதலில் தலையைப் பார்ப்போம்."

முடி வெட்டும்போது கதையைச் சொன்னேன். பிலோமினா நாளைக்கு வருகிறார் என்ற இடத்தில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என் மனைவி வருகிற வரைக்கும் நான் வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டே இருந்தேன்" என்றார். "ஏழு தரம் நிறம் மாற்றினேன். வந்ததும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அறை சின்னதாக இருக்கிறதே என்றாள்."

என் பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டு, கன்னங்கரேலென்று ஒரு ஸ்பொஞ்சை எடுத்தார். என் முடி வெட்டின அதே கத்தரிக்கோலால் அதை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு தயிர் டப்பாவில் போட்டு மூடினார். "கழுவாதே" என்றார். மிச்ச முடியையும் வெட்டிவிட்டு, வாசல் வரை வந்து, "கழுவாதே" என்று இன்னொரு தரம் சொன்னார்.

வெளியே குளிர் பதினான்கு. கிருமிக்குக் குளிர் ஆகாது. டப்பாவை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்து இழுவையைப் பூட்டினேன். தெபானேயில் டப்பா கசிந்து சேர்ட் நனைந்தது, குளத்து வாடை எழும்பியது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். அடுத்த தரிப்பிடத்தில் முன்னால் இருந்தவரும் போனார். எனக்கென்று ஒரு பெட்டியே கிடைத்துவிட்ட பிறகு நான் குனிந்து என் ஜாக்கெட்டுக்குள் கதைத்தேன். "கொஞ்சம் பொறுங்கோ. வந்திட்டம். கிட்டத்தான்" என்றேன். அண்ணை அந்தத் தங்கமீனோடு ஏன் கதைத்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஸ்பொஞ்சை வைத்தோம். கால் பங்கு அமோனியா மட்டும் போட்டோம். வியாழன் காலை பார்த்தால் பச்சை. ஒன்பது மணிக்குப் பச்சை. பத்து மணிக்கு நான் மஞ்சளென்றேன், வசந்தி முறைத்தாள். பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட் சத்தம் கேட்டது.

பிலோமினா அண்ணையின் பெரிய ஜாக்கெட் ஒன்றுக்குள் கை தெரியாமல் நின்றார். ஒரு சப்பாத்தைக் கழற்றினார், மற்றதைக் கழற்ற மறந்து நேரே தொட்டிக்குப் போனார். புதுத் திரைச்சீலையை யாரும் பார்க்கவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "போனிலை சின்னனாத் தெரிஞ்சது" என்றார்.

அண்ணை அதற்குள் குழாயை எடுத்துவிட்டார். ஜாக்கெட்கூடக் கழற்றவில்லை. சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடத்துக்கு மணி வைத்தார். அவ்வளவு சந்தோசமான முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. மூன்றாவது நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணை, முந்தநாள் நான் கழுவிப்போட்டன்."

"எதை?"

"எல்லாத்தையும். ஸ்பொஞ்சையும். சிப்பியையும். சவுக்காரம் போட்டு."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். மணி அடித்தது. குழாயை எடுத்து, தான் பார்க்காமல், மனைவியிடம் நீட்டினார். "பிலோ, நீர் சொல்லும். என்ரை கண் ஆசைப்படுற கண்."

பிலோமினா ஜன்னலடிக்குப் போய் மத்தியான வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். இருபத்தைந்து வருடம் கொப்பி திருத்தினவர். பொய் சொல்ல மாட்டார். "பச்சை" என்றார்.

அண்ணை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். "தயாராத்தான் வைச்சிருந்தனான் பிலோ. முந்தநாள் வரைக்கும் தயாராத்தான் இருந்தது."

பிலோமினா குழாயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அண்ணைக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். "அதுக்கு இப்ப என்ன? நான் திரும்பிப் போகவோ வந்தனான்? இனி ரெண்டு பேருமா இருந்து பாப்பம்." பிறகு சுற்றிப் பார்த்தார். "எங்கை அந்தப் போத்தில்? இண்டைக்கு நான் மீன்."

"ஐயோ, பச்சையா இருக்கேக்கை போடக் கூடாது" என்று அண்ணை கையை எடுத்துவிட்டுப் பதறினார். பதறின வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிலோமினாவும் சிரித்தார். நானும் வசந்தியும் மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டோம். என்னிடம் குளத்து வாடை இன்னும் போகவில்லை என்று வசந்தி சொன்னாள்.

பதினோராம் நாள் கதவு தட்டப்பட்டது. இரண்டு பேராக வந்து நின்றார்கள். மஞ்சள். அன்றைக்கே மீன் வாங்கப் போனார்கள். பிலோமினா ஆறு சின்ன மீன் தெரிவு செய்தார், கடையிலேயே மிகச் சாதாரணமானவை. ஒன்றும் சாகவில்லை.

மூன்று வருடம் எதிர்வீட்டில் இருந்தார்கள். இந்தக் கோடை முடிவில் போய்விட்டார்கள். வடக்கே, அண்ணை இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சொன்ன அதே கரையில், ஒரு சிறுவர் பாடசாலையில் பிலோமினாவுக்கு வேலை. "இவர் இருந்த இடத்தைப் பாக்கோணும். இந்த முறை நான் கூட இருக்கிறன்தானே" என்று வசந்தியிடம் சொன்னாராம். ஜன்னலைத் திறந்தால் கடலாம். தொட்டி தேவையில்லை. மீன்களை அந்தச் சலூன் பெரியவரின் தொட்டியில் விட்டார்கள். வெறும் தொட்டியை நானும் எஞ்சினியரும் அண்ணையும் தூக்கி வந்து எங்கள் ஜன்னலடியில் வைத்தோம். பாதி ஸ்பொஞ்சையும் சிப்பிப் பையையும் அண்ணை என் கையில் தந்தார்.

"கழுவ வேண்டாம் தம்பி" என்றார். "இது மரியாதைக்குச் சொல்லுறதில்லை."

இப்போது மத்தியானங்களில் எங்கள் கதவை ஒருவரும் தட்டுவதில்லை. சோறு சூடாகத்தான் இருக்கிறது. எனக்கு அது ஒரு நாளும் பிடிக்கவில்லை. குழாயை நானே வசந்தியிடம் காட்டுகிறேன், பிறகு மூன்றாம் மாடிக்கும் கொண்டு போகிறேன். நோர்வே அம்மா இரண்டும் அழகு என்கிறார். ஒரு மணிக்கு சிரிஞ்சில் மூன்று மில்லி. வருகிற கோடை லீவுக்கு அண்ணையும் பிலோமினாவும் இரண்டு கிழமை வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று எஞ்சினியர் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன சார், நீங்களும் எம்ப்ட்டியாவே வெச்சிருக்கீங்க?"

மீனை அண்ணை வந்துதான் தெரிவு செய்ய வேண்டும் என்று சொன்னேன்.